உன் கையால குடு

“புள்ளையக் குடுங்கக்கா.”

ரபாப் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தாலும் அந்த ஏழாம் நாள் விழாக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கேட்டிருக்காது. கூடம் கொள்ளாமல் பெண்கள். பிள்ளைகள் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி வாயில் கை வைத்துக் குலவையிட, அது அடங்குவதற்குள் இன்னொருத்தி தொடங்கினாள். ஆனால் கேட்க வேண்டிய இரண்டு பேருக்குக் கேட்டுவிட்டது. குழந்தையை மார்போடு சாய்த்து வைத்திருந்த கவ்ஸரின் கை கொஞ்சம் இறுகியது. பிள்ளை பெற்ற வீட்டில் காய்ச்சும், நெய் மிதக்கும் முகாத் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றி எடுத்து வந்த ரபாபின் அம்மா ஹமீதா, தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“இப்பத்தான் கண்ணசந்தான். கொஞ்சம் இரேன்,” என்றாள் கவ்ஸர். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் மாதிரி ஏதோ இருந்தது.

ஹமீதா தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு வந்து மகளின் தோளை அழுத்தினாள். பிரசவத்தில் தையல் போட்ட ரபாபின் வயிறு சுண்டி இழுத்தது.

“அந்த வார்த்தைய மட்டும் வாயில எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?”

சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டாள். கவ்ஸர் கையில் குழந்தை இருக்கும்போது குடு என்று கேட்கக்கூடாது. அவளாக நீட்டும்வரை பேசாமல் இருக்க வேண்டும். “கல்யாணமாகி இத்தன வருஷமா மடி காஞ்சு கெடக்குறவ. அவ மனசு ஒரு நொடி நொந்தாலும் அந்தக் கண்ணு புள்ள மேலதான் விழும்,” என்றாள். ரபாப் மருந்தியல் படித்தவள். கண் படுவதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. அவள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சரக்கு வண்டி ஓட்டிய அப்பா அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு, வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே கொஞ்ச நாள் மாட்டியே வைத்திருந்தார். இருந்தாலும் காய்ச்சலும் தையலுமாகக் கிடந்தவள் அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். கவ்ஸரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. புருஷன் ஹுஸாமுடைய அண்ணன் ஃபத்ஹியின் மனைவி. ஒரு மாடி கீழே இருப்பவள். கர்ப்பமாக இருந்த மாதங்களில் இவளுக்குப் புறா வயிற்றில் அரிசி அடைத்துச் சமைத்து, படியேறிக் கொண்டுவந்து கொடுத்தவள். அப்படிப்பட்டவளிடம் என்னத்தைப் பிடுங்குவது?

ஆனால் இன்று காலையிலிருந்து குழந்தை அவளிடம் வரவே இல்லை. மார்பு இரண்டும் கல்லாகக் கனத்தன. அதனால்தான் கேட்டாள். வேறொன்றும் நினைத்துக் கேட்கவில்லை.

“டாக்டரம்மாவுக்கு இப்பவே புள்ள வேணுமாம்,” என்று பக்கத்து வீட்டு உம்மு ஷவ்கி சிரித்தாள். மருந்துக்கடைக்காரரையும் அந்த ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தமன்ஹூரின் அந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கு ஏழாம் நாள் என்றாலும் பித்தளை உரலோடு வந்து நிற்பவள் அவள்தான். “இன்னும் கொஞ்ச நேரம் பொறு மகளே. சல்லடையில போட்டு நீ தாண்டுனதுக்கப்புறம் ஆயுசுக்கும் உனக்குத்தான் அவன் தொல்ல.”

சல்லடையில் கோதுமையும் அவரையும் பரப்பி, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். கவ்ஸர்தான் கிடத்தினாள். தலைக்கு அடியில் கையை வைத்து, பிறகு மெதுவாக உருவிக்கொண்டாள். பழகிய கை. ரபாபுக்கு அது கண்ணில் பட்டது, மனதில் தங்கவில்லை. இரண்டு பெண்கள் அவளை எழுப்பி நிறுத்தினார்கள். பாவாடையை ஒரு கையாலும் வயிற்றை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் முறை தாண்டினாள். குலவை. இரண்டாம் முறை. வயிற்றுக்குள் நூல் அறுவது போல் இருந்தது.

உம்மு ஷவ்கி குழந்தையின் காதருகே குந்தி உரலை இடிக்கத் தொடங்கினாள். டணங், டணங்.

“யூனுஸே, உங்கம்மா சொல்றதக் கேளு. உங்கப்பன் சொல்றதக் கேக்காதே, அவன் சொல்றத அவனே கேக்க மாட்டான்.”

பெண்கள் சிரித்தார்கள்.

“உங்க பெரியப்பன் சொல்றதக் கேக்காதே, அவன் கடைக்குப் போனா உன்னையும் தரைக் கல்லோட சேத்து வித்துடுவான்.”

இன்னும் பெரிய சிரிப்பு. உம்மு ஷவ்கிக்கு உற்சாகம் ஏறிவிட்டது. டணங்.

“பெத்தவ சொல்றதக் கேளு. பாலு குடுத்தவ சொல்றதயும் கேளு. ரெண்டு அம்மா இருக்கா ராசா உனக்கு, யாருக்குக் கெடைக்கும் இந்த யோகம்.”

சிரிப்பு பாதியில் அறுந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் ரபாபைப் பார்த்தார்கள். ரபாப் ஒரு காலைச் சல்லடைக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தாள். பெத்தவளும் நான், பால் கொடுத்தவளும் நான். கிழவி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்தாள். அதற்குள் உரல் சத்தத்தில் யூனுஸ் விழித்து வீறிட்டான்.

அந்த அழுகை அவள் மார்பில்தான் முதலில் கேட்டது. ஊசி குத்துவது போல் நரம்பெல்லாம் சுருக்கென்று, சூடாக இறங்கியது. சட்டை நனைவதை உணர்ந்து முழங்கையை மார்புக்குக் குறுக்கே வைத்து அழுத்தினாள். துணி ஏதாவது கிடைக்குமா என்று நிமிர்ந்தாள்.

எதிரே கவ்ஸர் நின்றாள். அவளும் முழங்கையை மார்புக்குக் குறுக்கே வைத்து அழுத்தியிருந்தாள். முழங்கைக்குக் கீழே, கிளிப்பச்சைப் பட்டில், ஈரம் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது.

“தாண்டு மகளே, நடுவுல நிக்கக்கூடாது,” என்றாள் யாரோ.

ரபாப் தாண்டவில்லை. ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம், நடுவில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. பிறகு வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“அம்மா, உள்ள வா. அக்கா, நீங்களும் வாங்க.”

குனிய முடியாத வயிற்றோடு அவள் சுவரைப் பிடித்து நடக்க, கவ்ஸர்தான் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கதவைச் சாத்தியதும் வெளியே உரல் மறுபடி ஒலித்தது. கூட்டத்தைச் சமாளிக்க உம்மு ஷவ்கிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எத்தன தடவ குடுத்தீங்க?” என்றாள் ரபாப்.

கவ்ஸர் அவளைப் பார்த்தாள். ஹமீதாவைப் பார்த்தாள். திரும்ப இவளைப் பார்த்தாள்.

“அஞ்சும் முடிஞ்சுபோச்சு. வயிறு ரொம்பத்தான் குடிச்சான், பாதியில விடல. உம்மு ஷவ்கி சாட்சிக்கு உக்காந்திருந்தா.” பிறகு, “உனக்குத் தெரியாதா?” என்றாள்.

ஐந்து முறை. அதற்கு மேல் அந்த ஊரில் ஒன்றும் வேண்டாம். வயிறு நிறைய ஐந்து முறை கொடுத்தவள் அந்தப் பிள்ளைக்குத் தாய். நாளைக்கு அவனுக்கு மீசை முளைத்தாலும் அவன் முன்னால் கவ்ஸர் முக்காடு போட வேண்டியதில்லை. அவன் கல்யாணத்தில் தாயின் இடத்தில் உட்காரலாம். எந்த நீதிபதியாலும் அதை அழிக்க முடியாது. பெற்றவள் கதறினாலும் குடித்த பால் குடித்ததுதான்.

“யாரு கொண்டாந்து குடுத்தா?”

“உங்கம்மாதான். நீ அசந்து தூங்குறப்ப கீழ கொண்டுவருவாங்க.”

ஹமீதா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போர்வையின் மடிப்பை நீவத் தொடங்கினாள்.

ரபாபுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நீ தூங்கு, நான் கொஞ்சம் தூக்கிட்டுப் போறேன் என்பாள் அம்மா. திரும்பி வரும்போது குழந்தை வயிறு புடைத்துத் தூங்கும். மார்பில் போட்டால் வாயைத் திருப்பிக்கொள்ளும். சோம்புத் தண்ணி குடுத்தேன் என்பாள். பிறகு ஒருநாள் அம்மா இவள் மார்பை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “உனக்குப் பால் பத்தல.” ரபாப் அன்று முழுக்க அழுதாள். வெந்தயம் தின்றாள், எள் தின்றாள், முகாத் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தாள். படித்துப் பட்டம் வாங்கிய உடம்பால் ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்க முடியவில்லையே என்று தன்னைத்தானே காறித் துப்பாத குறை.

“அக்கா, உங்களுக்கு எப்படிப் பால் வந்துச்சு?”

கவ்ஸரின் முகத்தில் இப்போதுதான் பயம் தெரிந்தது.

“ரபாப், நீதானே மாத்திர குடுத்த.”

ஆமாம். அவள்தான் கொடுத்தாள். ரயில் பாதைக்கு எதிரே, தான் வேலை பார்த்த மரியம் டாக்டரின் மருந்துக்கடையில், வெள்ளை மேலங்கிக்குள் வயிறு முட்டிக்கொண்டு நின்றபடி, மாதாமாதம் கொடுத்தாள். வாந்தி நிற்பதற்கான மாத்திரை. கவ்ஸர் வருவாள், மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருப்பாள். கடைப் பையன் எடுத்து நீட்டினால் வாங்கமாட்டாள். “நீ குடு. உன் கையால குடு,” என்பாள். முதல் தடவை ரபாப் கேலி செய்தாள்: “குமட்டலாக்கா? நல்ல சேதி ஏதும் உண்டா?” கவ்ஸர் சிவந்துபோய், “எல்லாம் நீ மனசு வெச்சா,” என்றாள். வெகுளி, ஏதோ சொல்கிறாள் என்று ரபாப் சிரித்தாள். அந்த மாத்திரையைத் தொடர்ந்து தின்றால் பிள்ளை பெறாதவளுக்கும் பால் சுரக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதியிருக்கிறாள். ஆனால் வீட்டு மனுஷி வாந்தி மாத்திரை கேட்டு வந்து நிற்கும்போது யார் பரீட்சையை நினைக்கிறார்கள்?

“நீ சம்மதிச்சுட்டேன்னு சொன்னாங்க,” என்றாள் கவ்ஸர். “வாயால சொல்ல வெக்கப்படுறா, நீங்க கேக்காதீங்கன்னு ஹுஸாம் சொன்னான். எனக்கு அப்பவும் சந்தேகம்தான். அதான் வேற கடைக்குப் போகாம உங்கிட்டயே வந்தேன். இவளுக்குப் புடிக்கலன்னா குடுக்க மாட்டா, குடுத்தா சம்மதம்னு நெனச்சேன். நீ சிரிச்சுட்டே குடுத்த. அதுக்கு மேல நான் என்னத்தக் கேப்பேன்?”

ரபாப் அம்மாவிடம் திரும்பினாள். “எப்ப பேசினீங்க இத?”

“கத்தாதே. வெளிய ஆளுங்க.”

“நான் கத்தல. எப்ப?”

ஹமீதா நீவி நீவி மடிப்பே இல்லாமல் போய்விட்டது. “ஒன்ன பொண்ணு பாக்க வந்தப்பவே. ஹுஸாமுக்கு இருக்க வீடில்ல. வீடில்லாதவனுக்கு உங்கப்பா குடுக்க மாட்டாருன்னு தெரியும்ல? ஃபத்ஹி இந்த மாடியக் குடுக்குறேன்னாரு. பேச்சோட பேச்சா, மொதப் புள்ள கவ்ஸர் மடிக்குன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும் சரின்னேன். இந்த மாதிரி எத்தன பேரு எத்தன எடத்துல பேசுறாங்க. யாரு குடுக்கப் போறான்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவ மாத்திர திங்க ஆரம்பிச்சா.”

“அப்பவாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“வயித்துப் புள்ளக்காரிகிட்ட எப்படிச் சொல்றது?”

“சரி. அது போகட்டும். எனக்குப் பால் பத்தலன்னு சொன்னியேம்மா. நான் அழுதத உக்காந்து பாத்தியே.”

ஹமீதா முதல்முறையாக நிமிர்ந்தாள். கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது. “பத்தலன்னு சொன்னாத்தானே நீ புள்ளைய விடுவே.”

ரபாபுக்கு அப்போதுதான் புரிந்தது. குடு என்று கேட்காதே என்றது கண்ணுக்குப் பயந்து இல்லை. கொடுத்த வாக்குக்குப் பயந்து.

கதவு திறந்து ஹுஸாம் வந்தான். கீழே ஆண்களுக்குத் தேநீர் பரிமாறிக்கொண்டிருந்தவன். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

“என்ன இது, விருந்தாளிங்கள விட்டுட்டு. கீழ அண்ணன் கேக்குறாரு.”

“அண்ணன் என்ன கேக்குறாரு? புள்ளையா?”

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். புரிந்துகொண்டான். முகத்தில் அதிர்ச்சி இல்லை. எப்போதோ வரவேண்டிய மழை வந்துவிட்டது என்பது போல் மூச்சை விட்டான்.

“ரபாப், நீ படிச்சவ. கொஞ்சம் நிதானமா யோசி. யாரு உங்கிட்டருந்து புள்ளையத் தூக்கிட்டு ஓடுறா? ஒரு மாடி எறங்குனா புள்ள. நீதானே நாப்பது நாள் முடிஞ்சதும் கடைக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்ன? யாரு பாத்துப்பான்னு நெனச்ச?”

“பாத்துக்கறது வேற. அம்மா ஆகுறது வேற.”

“என்ன பெரிய வித்தியாசம்? சீட்டுல அம்மா பேரு ஒம்பேருதான். நமக்கு இன்னொண்ணு பொறக்கும்.”

“அத யாருக்குன்னு சொல்லி வெச்சிருக்க?”

அவன் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி ஒருநாள் கேட்டேன், ஞாபகம் இருக்கா? இந்த மாடிய உங்கண்ணன் சும்மாவா குடுத்தாருன்னு. பாசம்னு சொன்ன. நான் அத நம்பி எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டு அலஞ்சேன், எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மாதிரி உண்டான்னு.”

“பாசந்தான் இது. ஒனக்குப் புரியல.”

“நீ எனக்குத் தெரியாம வித்த. எங்கம்மா தூக்கிட்டுப் போய்க் குடுத்தா. கடசியில பாத்தா மாத்திரையும் நானே குடுத்திருக்கேன். நல்லா பண்ணியிருக்கீங்க.”

அவள் அலமாரியைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன பை பிரிக்கப்படாமலே கிடந்தது. அதற்குள் குழந்தைத் துணிகள் இருந்தன. தன் அடையாள அட்டையும் பட்டமும் இருந்த உறையை மேலே செருகினாள். சட்டை மாற்றவில்லை. நனைந்த சட்டைக்கு மேலேயே அங்கியைப் போட்டுத் தலைத்துணியைச் சுற்றினாள். குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் காலாலேயே தேடி நுழைத்துக்கொண்டாள்.

“கோவத்துல உங்கம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வருவ. போ,” என்றான் ஹுஸாம். “நானே கொண்டுவந்து விடுறேன், தையலோட நடக்காத.”

“எங்கம்மா வீட்டுக்கா?” ரபாப் சிரித்தாள். “அங்கருந்துதானே இது ஆரம்பிச்சுது.”

“பின்ன எங்க போவ?”

மரியம் டாக்டரின் கடைக்கு மேலே ஒரு அறை உண்டு. மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறை, ஒரு கட்டில், ஒரு குழாய். பிரசவ வலி வரும் முன்பே அவர் சொல்லியிருந்தார், எப்போது வேண்டுமானாலும் வந்து படுத்துக்கொள் என்று. ரபாப் அதை இவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காலம் போய்விட்டது.

கவ்ஸர் அறை மூலையில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் அழுகையை நிறுத்தி, ஈரமான பச்சைப் பட்டில் வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ரபாப் அவள் முன்னால் போய் நின்றாள். இவளிடம் கோபப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் போனாள். வரவில்லை. அந்த வீட்டில் அவளை ஏமாற்றாத ஒரே ஆள் இவள்தான் என்பது எரிச்சலாகக்கூட இருந்தது.

“புள்ளையக் குடுங்கக்கா.”

“கேக்காதேடி,” என்றாள் ஹமீதா கட்டிலிலிருந்து.

“கேக்குறேன்.”

கவ்ஸர் குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஹுஸாம், “அண்ணி, நீங்க குடுக்காதீங்க, அண்ணன் வரட்டும்,” என்றான். அதைக் கேட்டதும்தான் அவள் தட்டுவதை நிறுத்தினாள். ஹுஸாமை ஏறிட்டுப் பார்த்து, “சம்மதிச்சுட்டான்னு சொன்னியே,” என்றாள். அவன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் குழந்தையின் தலைக்கு அடியில் கையை வைத்து, தோளிலிருந்து இறக்கி, ரபாபின் கைகளில் வைத்தாள். கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“எடது பக்கம் போட்டாத்தான் குடிப்பான்,” என்றாள். “வலது பக்கம் போட்டா கத்துவான்.”

ரபாபுக்கு அது தெரியாது. தன் பிள்ளையைப் பற்றி அவளுக்குத் தெரியாத இந்த ஒன்று, அன்று கேட்ட எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது.

“நான் எப்பவாவது வந்து…” என்று கவ்ஸர் தொடங்கினாள்.

“நீங்க குடிக்கக் குடுத்தத நான் அழிக்க முடியாது. வந்தா கதவத் தட்டுங்க. தொறக்குறதும் தொறக்காததும் என் இஷ்டம்.”

கூடத்தைக் கடக்கும்போது உரல் நின்றது. பெண்கள் கடலையும் மிட்டாயும் போட்ட சின்னப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். உம்மு ஷவ்கி எழுந்து, “ஏழுல இன்னும் அஞ்சு தடவ பாக்கி இருக்கு மகளே, தாண்டாம போனா புள்ளைக்கு ஆகாது,” என்றாள்.

“தாண்டிட்டுத்தான் போறேன்,” என்றாள் ரபாப்.

யூனுஸ் மறுபடி சிணுங்கினான். படிக்கட்டு வாசலில் நின்று அவனை இடது பக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஹுஸாம் பேர் சொல்லிக் கூப்பிட்டான். கீழிருந்து ஃபத்ஹி என்ன சத்தம் என்று கேட்டார். கண் படாமலிருக்க அம்மா காலையில் படி முழுவதும் உப்பு தூவியிருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, அந்த உப்பை நறநறவென்று மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவள் இறங்கினாள்.